வண்டிச் சாவியைப் புதியவர் கையில் கொடுக்கும் முன்

சரக்கு வாங்குவதும் விற்பதும் மட்டுமே மளிகைத் தொழில் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று வாடிக்கையாளர் வீட்டிலிருந்து போனில் சிட்டை வந்தால், சொன்ன நேரத்தில் சாமான் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே சிறிய கடைக்கு ஒரு மொபெட்டும், சற்றுப் பெரிய கடைக்கு ஒரு குட்டி யானையும் தராசைப் போலவே தவிர்க்க முடியாதவை ஆகிவிட்டன. தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை போடத் தவறினால் என்ன ஆகும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடை வண்டியை யார் ஓட்டுகிறார், அவர் லைசென்ஸ் எந்த வண்டிக்கு உரியது என்பதில் அதே அக்கறை இருக்கிறதா என்றால், பல கடைகளில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்லாவுக்கு மேலே ஆணியில் சாவி தொங்குகிறது. அந்த நேரத்தில் யாருக்குக் கை காலியோ அவர் எடுத்துக்கொண்டு போகிறார்.

ஓட்டியவன் தவறு செய்தால் ஓட்டியவன் பாடு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இப்போது நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 5வது பிரிவு, லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையை வண்டியின் சொந்தக்காரர் மீதே சுமத்துகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டக் கொடுத்த முதலாளிக்கும் 180வது பிரிவின்படி அதே அளவு தண்டனை தனியாக உண்டு. ஆக, ஒரே சவாரிக்கு இரண்டு குற்றவாளிகள்.

மொபெட்டும் பதினாறு வயதும்

பதினாறு வயதில் மொபெட் ஓட்டலாம் என்று ஒரு பேச்சு நம் கடைகளில் நெடுநாளாக உலவுகிறது. அது பாதி உண்மை. 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டுமே 16 வயது நிரம்பியவர், அதற்குரிய லைசென்ஸ் எடுத்து, ஓட்டலாம். டி.வி.எஸ். 50 ஓடிய நாளில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. இன்று நம் கடை வாசல்களில் நிற்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியோ 100 சி.சி. வகையைச் சேர்ந்தது. அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கியர் இல்லை என்பதாலோ, மெதுவாகத்தான் போகும் என்பதாலோ வயது குறைந்துவிடாது.

இதில் பெரிதும் அகப்பட்டுக்கொள்பவர்கள் வேலையாட்கள் அல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனிடம், "தம்பி, தெருக்கோடி வீட்டுக்கு ரெண்டு கிலோ பருப்பு கொடுத்துட்டு வந்துடு" என்று சாவியைக் கொடுக்கிறோம். 18 வயது நிரம்பாதவர் ஓட்டி ஒரு குற்றம் நேர்ந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. தொழிலுக்கு வரப்போகும் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை வண்டி இல்லை என்றால் என்ன கஷ்டம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எல்.எல்.ஆர். எடுத்தவர் சரக்கு ஏற்றலாமா?

"அண்ணாச்சி, எல்.எல்.ஆர். எடுத்தாச்சு. இனி லோடு கொண்டு போகலாம்லா?" என்று கடைத் தம்பி கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? போகக்கூடாது என்பதே சரியான பதில்.

எல்.எல்.ஆர். என்பது கற்றுக்கொள்வதற்கான அனுமதி, அவ்வளவுதான். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்த பிறகே நிரந்தர லைசென்சுக்குத் தேர்வு கொடுக்க முடியும். அந்தக் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். நான்கு சக்கர வண்டியானால், லைசென்ஸ் உள்ள ஒருவர், வேண்டும்போது வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரு சக்கர வண்டியானால், லைசென்ஸ் பெற்று ஓட்டக் கற்றுத் தருபவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது.

நமக்கு முக்கியமான விஷயம் இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கிறது. சரக்கு வண்டிகளுக்கான பாலிசியில் ஓட்டுநர் பற்றிய நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டலாம், ஆனால் விபத்து நேரத்தில் வண்டி சரக்கு ஏற்றிச் செல்லப் பயன்பட்டிருக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். காலி வண்டியில் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழகினால் பாதுகாப்பு உண்டு. அதே பையன் மண்டியிலிருந்து பத்து மூட்டை ஏற்றி வந்தால் நிபந்தனை மீறப்பட்டதாகிறது. பாலிசித் தாளை வாங்கிப் பீரோவில் வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதாக எண்ணுகிறோம். மொத்தக் கொள்முதல் பில்லில் பைசா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் நம் கண்ணுக்கு இந்த நாலு பக்கம் ஒரு சுமையா?

காரில் அரிசி மூட்டை ஏற்றும் வழக்கமும் பரவலாக உண்டு. சொந்த உபயோகக் காருக்கான பாலிசியில், சாம்பிளும் சொந்தப் பயணச் சாமானும் தவிர சரக்கு ஏற்றிச் செல்வது சேராது என்ற வாசகம் இருக்கும். ஆம்னி வண்டியின் பின்சீட்டை மடக்கிவிட்டு மூட்டை அடுக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லைசென்ஸ் சரியா என்று பார்ப்பது

கார் ஓட்டும் லைசென்ஸ் உள்ளவர் குட்டி யானை ஓட்டலாமா, அதற்குத் தனியாக 'டிரான்ஸ்போர்ட்' என்று எழுதி வாங்க வேண்டுமா என்பது பல ஆண்டுகள் வழக்காக இருந்தது. எத்தனையோ இழப்பீட்டு வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதைக் காட்டியே பணம் தர மறுத்தன. 2017இல் உச்ச நீதிமன்றம் தனி எழுத்து தேவையில்லை என்றது. அது மறுபடியும் கேள்விக்குள்ளாகி, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு ரக வாகன லைசென்சிலேயே ஓட்டலாம். நம் தொழிலுக்கு இது பெரிய நிம்மதி. ஆயினும் சரக்கு வண்டி ஓட்டுபவருக்கு 20 வயது என்று 4வது பிரிவில் இருப்பதால், பதினெட்டில் லைசென்ஸ் எடுத்த தம்பியை இரண்டு வருஷம் மொபெட்டில் பழகவிடுவதே உத்தமம்.

லைசென்சை வாங்கிப் பார்க்கும்போது படத்தையும் பெயரையும் பார்த்தால் போதாது. எந்த வகை வண்டி, எந்தத் தேதி வரை என்பதைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. தேதி முடிந்த மறுநாளே அவர் லைசென்ஸ் இல்லாதவர்தான். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணைக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும். பிறகு நீங்களோ விவரம் தெரிந்த ஒருவரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவரை ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு உண்டு. 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: ஓட்டியவரிடம் முறையான லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிவிட முடியாது, சொந்தக்காரர் போதிய கவனம் எடுக்கவில்லை என்பதையும் அது நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால், அடிபட்டவருக்குக் கம்பெனியே முதலில் பணத்தைக் கொடுக்கச் சொல்லி, பிறகு அதைச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிடலாம். ஒரு குடும்பத் தலைவர் இறந்துபோன வழக்கில் தீர்ப்பாயம் 15 லட்சம் என்று தீர்ப்பளித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி இருந்தும், அந்த 15 லட்சம் கடைசியில் நம் கடையைத் தேடி வரும். லைசென்ஸ் நகல் ஒன்றும், வேலைக்குச் சேர்த்த தேதியும், ஓட்டிப் பார்த்த தேதியும் எழுதிய ஒரு நோட்டு கடையில் இருந்தால் அன்று நமக்குக் கை கொடுக்கும்.

லோடு என்னும் எமன்

புதிதாக ஓட்டுபவர் பயிற்சிப் பள்ளியின் காலிக் காரில்தான் பழகியிருப்பார். சரக்கு ஏறிய வண்டி வேறு பிராணி. அது கிளம்பும்போது தயங்கும், நிற்கும்போது முரண்டு பிடிக்கும், திருப்பத்தில் சாயும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் எடை. வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. மொத்த எடையிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் கணக்கு. ஓட்டுநர், உதவியாள் எடையையும் மறக்கக்கூடாது. 750 கிலோ ஏற்றும் வண்டிக்கு, 25 கிலோ அரிசிச் சிப்பம் முப்பது என்பது நம்மில் பலர் வாய்ப்பாடாக வைத்திருந்த கணக்கு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோச் சிப்பம் வந்துவிட்டது. வாய்ப்பாடு மட்டும் மாறவில்லை. முப்பது சிப்பம் இப்போது 780 கிலோ. போகிற போக்கில் நாலு எண்ணெய் டின்னையும் தூக்கி வைத்தால் இன்னொரு 60 கிலோ. அளவுக்கு மேல் ஏற்றினால் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, இறக்கும் கூலி நம்முடையது. இரண்டு நடையாகப் போனால் ஆகும் டீசல் செலவு இதில் எந்த மூலைக்கு?

அடுத்தது அடுக்கும் முறை. கனமானது கீழே, லேசானது மேலே. அரிசி, சர்க்கரை மூட்டைகள் கேபினை ஒட்டித் தொடங்கி, எடை இரு பக்கமும் சமமாக இருக்கும்படி வர வேண்டும். பிஸ்கட், சோப்புப் பெட்டிகளை முன்னால் போட்டு, மூட்டைகளைப் பின்கதவு ஓரமாக வைத்தால் இறக்குவதற்குச் சுலபம்தான். ஆனால் பின்புறம் அழுந்தி முன்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது போல் தோன்றும். புதியவருக்கு அது சுகமாகக்கூட இருக்கும், ஆபத்து என்று தெரியாது. கயிறு போட்டுக் கட்டாத மூட்டை திருப்பத்தில் ஒரு பக்கம் சரிந்தால் வண்டியையே சாய்த்துவிடும். தார்ப்பாய் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மூடிவிடாமல் பார்க்க வேண்டும்.

மொபெட்டில் நாம் செய்யும் அக்கிரமம் தனி. கால் வைக்கும் இடத்தில் ஒரு சிப்பம், சீட்டின் பின்னால் ஒரு சிப்பம், ஹேண்டில்பாரின் இரு பக்கமும் பைகள். ஹேண்டில் முழுதாகத் திரும்பாது. சட்டென்று நிறுத்த வேண்டி வந்தால் கால் தரைக்கு வராது. ஹேண்டில்பாரில் எதையும் தொங்கவிடக்கூடாது என்பதைக் கடையில் கண்டிப்பான உத்தரவாகவே வைத்துவிடலாம்.

வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால், ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். குறுக்கே ஒரு மாடு வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடியாவது ஆகும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 17 மீட்டர் போயாயிற்று. அதன் பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் தனி. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். முப்பதில் போகும்போது டக்கென்று நின்ற வண்டி, அறுபதில் போகும்போதும் இரண்டு மடங்கு தூரத்தில் நின்றுவிடும் என்று புதியவர் எண்ணுவதுதான் பல பின்பக்க மோதல்களுக்குக் காரணம்.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை மீட்டர் கணக்கில் சொன்னால் யாராலும் அளக்க முடியாது. முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணி முடிக்கும் முன் நாம் அந்தக் கம்பத்தை அடைந்தால் மிகவும் நெருங்கிவிட்டோம். லோடு இருந்தால் மூன்று வரை, மழையில் நான்கு வரை எண்ணலாம். மலைப்பாதையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது விதி.

சாலை விதிகள் 1989 முதல் இருந்தவை மாற்றப்பட்டு, 2017இல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றில் கடை வண்டிக்குத் தினமும் தேவைப்படுவது கொஞ்சம்தான். சிக்னலும் போலீசும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலைக்கு ஏறுபவர் நின்று பார்த்து ஏற வேண்டும். ரவுண்டானாவுக்குள் ஏற்கனவே இருப்பவருக்கே முதல் உரிமை. முந்துவது வலப்புறமாக மட்டுமே. வளைவிலும், பாலத்திலும், எதிரே தெரியாத மேட்டிலும் முந்தவே கூடாது. சாலை நடுவே விட்டுவிட்டுப் போட்ட கோட்டை வழி தெளிவாக இருந்தால் கடக்கலாம், தொடர்ச்சியான கோட்டைக் கடக்கக்கூடாது. பலகைகளில் சிவப்பு வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் சதுரம் தகவல். இந்த மூன்றும் தெரிந்தால் எழுதப்படிக்கத் தெரியாதவரும் பாதி பலகைகளைப் புரிந்துகொள்வார்.

கடைவீதிக்கென்று இரண்டு விஷயங்கள். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒருவர் நின்று சொல்லாமல் எடுக்கக்கூடாது. லோடு ஏறிய வண்டியில் நடுக்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது, குனிந்து நிற்கும் குழந்தை பக்கக் கண்ணாடியிலும் தெரியாது. இரண்டாவது, வண்டியை ஓரம் கட்டியதும் கதவைப் படாரென்று திறப்பது. பின்னால் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வருபவர் கதவில் மோதி, அடுத்து வரும் லாரியின் முன்னால் விழுவார். இடது கையால் வலப்பக்கக் கதவைத் திறக்கச் சொல்லிப் பழக்குங்கள். உடல் தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும்.

செல்போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் சாமான் கொண்டு போகும் பையனுக்கு வழியில் போன் செய்வது யார்? பெரும்பாலும் நாம்தான். "எங்கடா இருக்க, இன்னும் போகலையா?" என்று ஒரு முறை கேட்பதற்குள் அவன் ஒரு கையில் ஹேண்டிலும் ஒரு கையில் போனுமாகச் சந்திப்பைக் கடந்துகொண்டிருப்பான். போன் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு நீயே கூப்பிடு என்று சொல்லிவிட்டு, நாமும் பொறுமையாக இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் டெலிவரி என்று போர்டு வைக்கும் கடைகள், அந்த அரை மணியில் மூட்டை கட்ட ஆகும் நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

லோடு மேல் ஆள் ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ வருவதற்கு 1994 திருத்தத்துக்குப் பின் இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. வழியில் கை காட்டியவரையோ, கோயில் கொடைக்குப் போகும் உறவினர்களையோ ஏற்றினால் கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. புதிய டிரைவர் தாட்சண்யத்துக்கு இரையாவார். நீங்கள்தான் முன்கூட்டியே மறுத்துச் சொல்லிவைக்க வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

புதியவர் முதலில் செய்வது பயந்து ஓடுவது. அது சிறு வழக்கைப் பெரிய வழக்காக்கும். அடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது 134வது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் மட்டும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போகலாம்; எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். 108க்குப் போன் செய்யும்போதே பணத்துக்கு என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிறது. மத்திய அரசும் 2025 மே மாதத்தில், ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தை அறிவித்தது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியவை: பாலிசி எண், நடந்த தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், அவருடைய லைசென்ஸ் எண். "நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக்கொடுத்து விடுங்கள் முதலாளி, உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதே" என்று யோசனை சொல்ல அக்கம்பக்கத்தில் ஆட்கள் வருவார்கள். தெருவில் கேமரா இல்லாத கடை இன்று அபூர்வம். அந்தப் பொய் வெளியானால் உள்ள இழப்பீடும் போய், பொய் ஆவணம் கொடுத்த வழக்கும் சேரும். சர்வேயர் வந்து பார்க்கும் முன் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கச் சொல்லிவிடாதீர்கள். போலீஸ் நிலையம், இன்சூரன்ஸ் கம்பெனி, கடை ஆகிய மூன்று போன் எண்களையும் ஓர் அட்டையில் எழுதி, ஆர்.சி., பாலிசி, எப்.சி. நகல்களோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே வைத்துவிடுங்கள். செல்போன் உடைந்துபோன நேரத்தில் அந்த அட்டைதான் உதவும்.